கேட் வேலாத்தாளும் எட்டு பனியனும்

அருள்புரத்தில் மோகன்ராஜின் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த முந்நூறு பெண்களும் சாயங்காலம் வீடு போய்ச் சேர வேண்டுமானால் வேலாத்தாளின் இரண்டு கைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மணி அடித்ததும் வரிசையாக வருவார்கள். கேட்டை ஒட்டிப் பச்சைத் துணி கட்டிய ஒரு மறைப்பு. அதற்குள் ஒவ்வொருத்தியாகப் போய்க் கைகளைத் தூக்கி நிற்க வேண்டும். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வேலாத்தாள் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தடவு தடவி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போ கண்ணு" என்பாள். ஆளைத் தடவிப் பார்க்கிறதற்கு மாதச் சம்பளமா என்று முதல் மாதம் அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

வேலாத்தாளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. குன்னத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, சாமியப்பனைக் கட்டிக்கொண்டு அருள்புரம் வந்தவள். பதினோரு வருஷம் இதே கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றாள். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, கறை, பிரிந்த தையல் பார்க்கிற வேலை. நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோகன்ராஜின் அப்பாதான் அப்போது முதலாளி. அவர் கேட்டில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அதுவரை பனியனில் ஓட்டை தேடியவள், அன்று முதல் ஆட்களிடம் பனியன் தேடினாள்.

தேடினால் கிடைக்காமலா போகும்? வெளிநாட்டுக்குப் போகிற பனியனின் மெதுவு அப்படி. நாளெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுத் தைக்கிறவளுக்கு, ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போனால் என்ன என்று ஒரு நாள்கூடத் தோன்றாவிட்டால்தான் அதிசயம். சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு வருவாள் ஒருத்தி. பாவாடை நாடாவோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வருவாள் இன்னொருத்தி. வேலாத்தாளின் கை பட்டதும் அவர்கள் முகத்தில் ஈயாடாது. ஆனால் வேலாத்தாள் கத்தமாட்டாள், சூப்பர்வைசரைக் கூப்பிடமாட்டாள். குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"எதையோ மறந்துட்டு வந்துட்டயாட்ட இருக்குது கண்ணு. உள்ள போய் ஒருக்காப் பாத்துட்டு வா."

போனவள் திரும்பி வரும்போது இடுப்பு இளைத்திருக்கும். எடுத்தாயா, ஏன் எடுத்தாய் என்ற பேச்சே கிடையாது. கேட்டில் ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'இன்று பிடிபட்டது' என்று அதில் ஒரு கட்டம். வேலாத்தாள் தினமும் குண்டு குண்டாக 'ஒண்ணுமில்லை' என்று எழுதுவாள். ஒன்பது வருஷமும் அதே 'ஒண்ணுமில்லை'தான்.

ஆலங்குளத்திலிருந்து தையலுக்கு வந்த ஆஷாவும் ஒரு தடவை மறந்தவள்தான். வந்த புதிதில், அக்கா குழந்தைக்கு என்று ஒரு குட்டிச் சட்டையை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். மறந்ததை உள்ளே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பியவளிடம் வேலாத்தாள், "அழுகாத கண்ணு, மறதி ஆருக்குத்தான் வராது?" என்றாள். அன்றிலிருந்து ஆஷாவுக்கு எதுவும் மறக்கவில்லை. மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியோடு வேலாத்தாளின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்துதான் சாப்பிடுவாள்.

இந்தக் கருணைதான் கடைசியில் வேலாத்தாளின் வேலைக்கு உலை வைத்தது. பெரியவர் ஓய்வெடுத்துக்கொள்ள, மகன் மோகன்ராஜ் நாற்காலிக்கு வந்தான். முப்பத்திரண்டு வயது, சட்டைப் பையில் இரண்டு செல்போன். ஒரு நாள் கேட் நோட்டை எடுத்துப் புரட்டினான். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு ஆளைக்கூடப் பிடிக்காதவளுக்கு எதற்கு ஒரு ஸ்டூல் என்று அவனுக்குப் பட்டது. அவன் கணக்கில் தப்பில்லை. கணக்கு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

அதற்குத் தகுந்த மாதிரி 2009 சித்திரையில் பெங்களூரிலிருந்து ராஜ்கமல் என்ற இளைஞன் வேனில் ஒரு மிஷினோடு வந்து இறங்கினான். ஊர் விருதுநகர்ப் பக்கம், படித்தது இன்ஜினியரிங், வேலை ஒரு சின்னக் கம்பெனியில். அந்தக் கம்பெனி செய்த மிஷினை எங்காவது ஒரு வாரம் ஓட்டிக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் விற்க வேண்டும். வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நாளிலிருந்து மோகன்ராஜுக்கு இந்த மாதிரி மிஷின்கள் மேல் ஒரு மரியாதை. வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

மிஷினைப் பார்த்தால் ஆள் நிற்க ஒரு மேடை, சுற்றி வர ஒரு நீளக் கை, உச்சியில் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. கம்பெனி ஆட்களைக் கூட்டிவைத்து ராஜ்கமல் விளக்கம் சொன்னான்.

"இது மைக்ரோவேவ்ல வேலை செய்யுது. ரேடார்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஆகாயத்துல பிளேன் எங்க போகுதுன்னு பாக்கிறது. அதேதான், சின்ன சைஸ்ல. அலை போய் உடம்புல பட்டுத் திரும்பி வரும். கத்தி, துப்பாக்கி, வேற ஏதாவது மறைச்சு வச்சிருந்தா வேற மாதிரி திரும்பும். கம்ப்யூட்டர் அதையெல்லாம் சேர்த்துப் படமாக்கிரும். துணி ஒரு தடையே இல்லைங்க. துணின்னு ஒண்ணு இல்லாத மாதிரியே பாத்துட்டுப் போயிரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அங்கே மூன்று விதமாகக் கேட்டார்கள். பெண்கள், உடுத்தியிருக்கும்போதே தங்களை உடுத்தாத மாதிரிக் காட்டும் என்று கேட்டுத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மோகன்ராஜ், இனிமேல் திருட்டே இல்லை என்று கேட்டுத் தலையாட்டினான். வேலாத்தாளுக்கு மட்டும் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று இடித்தது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

பிடிபட அவகாசமும் கிடைக்கவில்லை. மோகன்ராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, காலு வலின்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கறீங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து ஊட்லயே நல்லா ரெஸ்ட் எடுத்துக்குங்க. மிஷினே பாத்துக்குமுங்க."

கொங்கு நாட்டில் ஆளை வேலையை விட்டு நிறுத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்கள். நிற்க முடியாத பெண்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? களை வெட்டப் போகலாம் என்றால் கால் மடங்காது. பகல் முழுக்க டிவி பார்த்து, பார்த்ததையெல்லாம் திரும்பச் சொல்லும் சாமியப்பனோடு ஊட்டுக்குள் அடைந்து கிடப்பதை நினைத்தாலே வேலாத்தாளுக்கு மூச்சு முட்டியது. "செரீங்க மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் யார் முதுகிலும் தட்டவில்லை.

மறுநாள் பெண்கள் மிஷினில் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மைக்ரோவேவ் என்றால் பணக்கார வீட்டில் சோறு சூடு பண்ணுகிற பெட்டிதானே, அதில் நம்மை ஏற்றி வேகவைக்கப் போகிறார்களா என்றாள் ஒருத்தி. செல்போனில் வருகிற அளவுகூட இதில் வராது என்று ராஜ்கமல் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. படத்தை யார் பார்ப்பது என்றாள் இன்னொருத்தி. அதுதான் நியாயமான கேள்வி.

வேலாத்தாள் ஸ்டூலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். "ஏனுங்க மொதலாளி, பொம்பளைப் புள்ளைங்க பயப்படுதுங்க. மொதல்ல நீங்க ஒருக்கா ஏறி நில்லுங்க. அதுகளுக்கும் தெம்பா இருக்குமுங்க."

முந்நூறு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மோகன்ராஜ் ஏறினான். நீளக் கை அவனை ஒரு சுற்றுச் சுற்றியது. கம்ப்யூட்டரில் தொந்தி வைத்த களிமண் பொம்மை மாதிரி ஒரு சாம்பல் உருவம் வந்தது. முகமும் இல்லை, வெட்கப்பட அதில் வேறு எதுவும் இல்லை. பெண்களுக்குப் பாதி பயம் போயிற்று. ஆனால் பொம்மையின் இடுப்பில் ஒரு சின்னச் சதுரம் பளபளத்து, சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், அது என்ன சார்?" என்றான் ராஜ்கமல், தொழில் மரியாதையோடு.

மோகன்ராஜ் எடுத்து நீட்டினான். பாக்குப் பொட்டலம். அதன் ஜிகினாத் தாளை மிஷின் பிடித்துவிட்டது. அவன் தலைக்கு மேலே சுவரில் 'கம்பெனிக்குள் பாக்கு, புகையிலை போடக் கூடாது' என்று அவனே எழுதி மாட்டிய போர்டு. பெண்கள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டார்கள். வேலாத்தாள் மட்டும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "மிஷின் நல்ல மிஷினுங்க" என்றாள்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு ஆயிற்று. கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, ஆபீஸ் பெண் பிரியங்கா மட்டும் படத்தைப் பார்ப்பாள். மற்றவர்களுக்கு விளக்குதான். முதல் நாள் முழுக்கச் சிவப்பாகவே எரிந்தது, சேலையிலும் துப்பட்டாவிலும் ஊக்கு குத்தாத பெண் அந்த ஊரில் ஏது? ராஜ்கமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஊக்கு, தாலி, கம்மல் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லி மிஷினுக்குப் புத்தி சொன்னான். அடுத்த நாள் வெயில் தாங்காமல் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்குச் சிவப்பு எரிந்தது. அவளிடம் ஒன்றுமில்லை.

"ஈரம்தாங்க. தண்ணி பட்ட துணி இதுக்குத் தெரியும்" என்றான் ராஜ்கமல்.

வேலாத்தாள் நிமிர்ந்தாள். "அப்ப காஞ்ச துணி?"

"அதுதான் சொன்னேனேம்மா. காஞ்ச துணி இதுக்கு இல்லாத மாதிரிதான்."

முதல் நாள் இடித்தது என்ன என்று இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. துணிக்குள் ஒளித்து வைத்ததை எல்லாம் இந்த மிஷின் காட்டும். ஆனால் பனியன் கம்பெனியில் எந்தப் பைத்தியம் துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு போகும்? இங்கே ஒளித்துக்கொண்டு போவதே துணியைத்தானே! சிரிப்புத் தாங்காமல் மறைப்புக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மோகன்ராஜ், "அக்காவுக்கு வேலை போற வருத்தமுங்க" என்பான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் மிஷினை வாங்கக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஷாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "ஜெர்மனிக்காரன் ஆர்டர்ல பெரிய சைஸ் எட்டு பீஸ் வேணும் கண்ணு. பட்டன் இருக்கக்கூடாது, ஜிப்பு இருக்கக்கூடாது. ஒரு மணி நேரம்தான், திரும்ப வெச்சுப்போடலாம்."

"எட்டா? யக்கா, வெந்துருவிய" என்றாள் ஆஷா. ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாத்ரூமில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக எட்டையும் போட்டு, மேலே சேலைத் தலைப்பைச் சுற்றி, அதற்கு மேல் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டை மாட்டினாள் வேலாத்தாள். அரை மணி நேரத்தில் பத்துக் கிலோ ஏறியவள் மாதிரி வெளியே வந்தாள். வேர்த்துவிட்டால் ஈரம், ஈரம் என்றால் சிவப்பு. ஆகவே பேக்கிங் செக்சனில் பெரிய ஃபேனுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்ததும் அங்கிருந்து எழுந்து கேட்டுக்கு நடந்தாள்.

"மொதலாளி, இந்த மிஷின் வந்து இத்தனை நாளாச்சு. போறதுக்கு முன்னால நானும் ஒருக்கா ஏறிப் பாக்கறனுங்க."

மோகன்ராஜுக்கு மனசு இளகியது. "ஏறுங்கக்கா, தாராளமா ஏறுங்க."

அவள் மேடையில் காலை வைத்தாள். கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் கரண்ட் போவது அதிசயமில்லை, வருவதுதான் அதிசயம். ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் மிஷின் புகைந்துவிடும் என்று ராஜ்கமல் கையைக் குறுக்கே நீட்டினான். எல்லோரும் காத்து நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வேலாத்தாளின் கழுத்தில் முத்து முத்தாக வேர்வை. உள்ளே இருந்த முதல் பனியன் நனைந்து இடுப்போடு ஒட்டிக்கொண்டது. உடம்போடு ஒட்டிய ஈரம் மிஷினுக்கு உடம்பு மாதிரிதான், மேல்துணி நனைந்தால்தான் வம்பு; அதற்கு வேர்வை இன்னும் ஏழு மாடி ஏறி வெளியே வர வேண்டும். ஆஷா ஓடிவந்து அட்டைப்பெட்டி மூடியால் வீசு வீசு என்று வீசினாள்.

"அக்காளுக்குப் படபடப்பா வருதாம் சார்" என்றாள்.

"மிஷின்ல ஏறறதுக்கு அத்தனை பயமாங்கக்கா?" என்று மோகன்ராஜ் சிரித்தான்.

வேலாத்தாள் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இதில் தோற்றால் கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ற பெயரோடு போக வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்தில் நோட்டில் ஏறப்போகும் முதல் பெயர் அவளுடையதாக இருக்கும். பயம் உண்மையாகவே வந்துவிட்டது.

பதினைந்தாவது நிமிஷம் கரண்ட் வந்தது. மிஷின் கண் விழித்தது. நீளக் கை அவளைச் சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிரியங்கா கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தாள்.

பச்சை எரிந்தது.

"கிளியருங்க சார்" என்றாள் பிரியங்கா. எல்லோரும் கை தட்டினார்கள். மோகன்ராஜ் பேனாவை எடுத்தான்.

"ஒரு நிமிசமுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வேலாத்தாள் பச்சைத் துணி மறைப்புக்குள் போனாள். மறைப்புக்கு மேலாக ஒரு பனியன் பறந்து வந்து மோகன்ராஜின் காலடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நாலாவதுக்குப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மோகன்ராஜின் பேனா அந்தரத்தில் நின்றது. ஐந்து, ஆறு, ஏழு.

மறைப்புக்குள் வேலாத்தாள் எட்டாவதைக் கழற்றக் கையைத் தூக்கினாள், தூக்கிய கை நின்றது. இருபது வருஷமாக எத்தனையோ லட்சம் பனியன்களைத் தொட்டிருக்கிறாள். முழுசாய் ஒன்றைப் போட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான். அவளும் சாமியப்பனும் போடுவதெல்லாம் கழித்துப்போட்ட ஓட்டைப் பீஸ்கள். இது இளநீலம், இடுப்பில் இருப்பதே தெரியாத மெதுவு. வேர்வை பட்டதை இனி எந்த ஜெர்மனிக்காரன் வாங்குவான், துவைத்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து வைத்துவிட்டால் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை கொண்டுவரப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏழுங்க" என்றாள்.

ஆஷா அவளைப் பார்த்தாள். கீழே கிடந்ததை ஒரு தடவை எண்ணினாள்.

மோகன்ராஜ் ராஜ்கமல் பக்கம் திரும்பினான். "என்னங்க இது?"

"சார், நான் மொத நாளே சொன்னேனே, துணி இதுக்கு இல்லாத மாதிரின்னு" என்றான் ராஜ்கமல், அழாத குறையாக. அவன் சொன்னது உண்மைதான். மோகன்ராஜுக்கு அசடு வழிந்தது. ஆனாலும் பெரியவருக்குப் பிறந்த பிள்ளை, சிரித்துவிட்டான்.

"ஒண்ணாந்தேதிக்கு அப்பறமும் நீங்கதானுங்க அக்கா கேட்ல. ரெஸ்ட்டெல்லாம் வேண்டாமுங்க" என்றான்.

வேலாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோட்டு முனையால் துடைத்துக்கொண்டாள். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மோகன்ராஜ் கீழே கிடந்த ஏழு பனியனையும் பார்த்துவிட்டு யோசித்தான்.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. எல்லாரையும் நீங்க செக் பண்றீங்க. உங்களை ஆருங்க செக் பண்றது?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வேலாத்தாள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆருமில்லீங்க."

"அப்ப இன்னைக்கிருந்து ஒரு ஆளு பாக்கட்டுமுங்க. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே? ஏம்மா, அட்டை வெச்சு வீசுன புள்ளை, நீயே வா."

வேலாத்தாளும் ஆஷாவும் மறைப்புக்குள் போனார்கள். வேலாத்தாள் கைகளை இரண்டு பக்கமும் தூக்கினாள். தினமும் முந்நூறு பேர் தூக்குவதைப் பார்த்தவள்தான். தன் கையைத் தூக்கியதில்லை. தூக்கி நின்றால் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆஷாவின் விரல்கள் தோளில் தொடங்கி இறங்கின. இடுப்பில், ஈரமான அந்த இளநீலத்தில் வந்து நின்றன.

வெளியே எல்லோரும் நிற்கிறார்கள். ஆஷா ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும்.

ஆஷா காதருகில் குனிந்தாள். "எதையோ மறந்துட்டு வந்துட்டிய போலிருக்கேக்கா. உள்ள போயி ஒருக்கப் பாத்துட்டு வாங்க."

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தி என்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடமோ சொல்லியிருக்கிறாள். அதை வாங்கிக்கொள்வது இவ்வளவு கனமாகவும் இவ்வளவு ஆறுதலாகவும் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஆமா கண்ணு. வயசாச்சல்ல, மறதி" என்றாள். காலை இழுத்து இழுத்து உள்ளே நடந்தாள்.

"எங்கீங்க போறாங்க அக்கா?" என்று மோகன்ராஜ் கேட்டான்.

"தூக்குப்போசியை மறந்துட்டாகளாம் சார்" என்றாள் ஆஷா.

வேலாத்தாள் போய்த் திரும்பிவர நேரமாயிற்று. அதற்குள் ஆஷா கேட் நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே, வேலாத்தாள் எழுதுகிற மாதிரியே குண்டு குண்டாக எழுதினாள். ஒண்ணுமில்லை.